திரை மஞ்சளான நான்கு நாட்கள்

அன்று கணினி கேட்ட கேள்விக்குச் ‘சரி’ என்று அழுத்தியது என் விரலா, என் மகளின் விரலா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. பதினொரு மாதப் பிள்ளை மடியில் இருந்தாள். மவுஸின் மேல் என் கை இருந்தது, என் கையின் மேல் அவள் கை இருந்தது. கணினியின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, இப்போதே ஏற்றிவிடவா என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘பிறகு’ என்ற பொத்தானைத்தான் நான் தேடிப் போனேன். அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த நொடி திரை முழுவதும் நீலமாகி, கணினியை அணைக்காதீர்கள் என்று எழுத்து வந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் ஒரு டியூஷன் சென்டருக்கு வினாத்தாள்கள் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். பிள்ளை தூங்கும் நேரத்தில் பாதி, அவள் மடியில் கிடந்து புரளும் நேரத்தில் மீதி. கணினி என் கணவர் பழையதாக வாங்கித் தந்தது. அவருக்குத் திருப்பூரில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா, என் மதினி, இருக்கிறாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடினால் இந்தப் பக்கம் பிள்ளை முழித்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் புதிய பதிப்பு ஏறி முடிந்தது. திறந்து பார்த்தால் எல்லாமே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுபோல் பெரிதாகத் தெரிந்தது. ஒரு கேள்வி மட்டுமே திரையை அடைத்துக்கொண்டது. கைபேசியில் தேடி, டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, பிள்ளை இரண்டு முறை அழுது ஓய்வதற்குள் அளவைச் சரிசெய்துவிட்டேன். பிறகு திரை நடுங்க ஆரம்பித்தது. ஓட்டை டியூப்லைட் மாதிரி ஒரு வெட்டு, ஒரு இருட்டு. கேபிளைக் கழற்றி மாட்டினேன். பலன் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை திரையை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றியதும் நடுக்கம் நின்றது. படித்த படிப்பு இதற்காவது உதவியதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்தப் பெருமை பத்து நிமிடம் இருந்தது. புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பக்கம் மஞ்சளாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சள் இல்லை. பால் சோற்றில் சாம்பார் கரண்டி பட்டதுபோல ஒரு மஞ்சள்.

செட்டிங்ஸுக்குள் மறுபடி போனேன். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். மஞ்சள் போகவில்லை. திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டேன்.

“மஞ்சளா இருக்குல்லா?”

“எங்க?”

“எங்கயா? பக்கம் முழுக்க.”

“நல்லா வெள்ளையாத்தான இருக்கு. இங்கன பக்கத்துல ரெண்டு பேர்ட்டக் காட்டிட்டேன், அவனுகளும் வெள்ளைன்னுதான் சொல்லுதானுக.”

“நல்லாப் பாருங்க.”

“ஏட்டி, வெள்ளைய எத்தனை தடவை பாக்கது? ஒழுங்காத் தூங்குதியா இல்லையா நீ?”

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். மஞ்சள். என் கைபேசியில் அதே படத்தைத் திறந்தேன். அதிலும் லேசான மஞ்சள். அவருக்கு வெள்ளை, அவருடன் வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளை, எனக்கு மட்டும் மஞ்சள். அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? இரண்டு இயந்திரமும் ஒரே நேரத்தில் கெடுமா? இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், என் கண்.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்த யாருக்கும் என் நினைப்பு எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப் போன பழமொழி. எழுந்து போய்க் கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருப்பதுபோல இருந்தது. ஆனால் மஞ்சளாகப் பார்க்கும் கண்ணால் பார்த்து வெள்ளை என்று எப்படி முடிவு செய்வது?

வீட்டில் நல்ல வெள்ளைப் பொருள் ஏதாவது இருந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்று தேடினேன். கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் வெள்ளை என்று ஒன்றுமே இல்லை. துணிகளெல்லாம் பிள்ளை கக்கிய கறை. சுவர் சந்தன நிறம். ரேஷன் அரிசிச் சோறு எப்போதுமே கொஞ்சம் பழுப்பு. டியூஷன் சாரின் கையெழுத்துத் தாள்கள் பழைய நோட்டில் கிழித்தவை. ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் இன்னும் மஞ்சளாயின.

பிறகுதான் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். நான் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் காமாலை என்றால் என் பிள்ளைக்கு?

மதினியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதே தோன்றியது, ஆனால் வேறு யாரிடம் சொல்வது? அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நாக்க நீட்டு. ம்… பசிக்குதா?”

“அவ்வளவாப் பசி இல்ல மதினி.”

“அசதி?”

“பிள்ளைய வச்சுக்கிட்டு அசதி இல்லாம இருக்குமா?”

“அதான், அதான். ஏட்டி, நேரங்கெட்ட நேரத்துல அந்தப் பெட்டி முன்னால உக்காராதன்னு சொன்னேம்லா. உள்ள சூடு ஏறிட்டு. பயப்படாத, கீழாநெல்லி மூணு நாள் குடி. நாளைக்கு விடியதுக்குள்ள கொண்டாரேன்.”

அவளுடைய மாமனார் வீட்டுத் தோப்பு ராயகிரியில் இருக்கிறது. அன்று சாயங்காலமே பஸ் பிடித்துப் போய், வாய்க்கால் கரையில் பறித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். புதன்கிழமை காலை வெறும் வயிற்றில் மோரில் அரைத்துக் கலக்கிய பச்சைக் குழம்பு ஒரு தம்ளர். எண்ணெய் கூடாது, புளி கூடாது, பொரித்தது எதுவும் கூடாது. நான் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதை மதினி சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. நானாகவே நிறுத்தினேன். பசும்பாலும் மசித்த இட்லியுமாகக் கொடுத்தேன். அவள் இட்லியைத் துப்பிவிட்டு என் தோளில் வாயை வைத்துச் சப்பினாள். எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. குளியலறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டேன். தண்ணீரோடு அது வடிகாலுக்குள் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு, எட்டு மணி வாக்கில், ஒரு வினாத்தாளை அனுப்ப வேண்டியிருந்ததால் கணினியைத் திறந்தேன். பக்கம் வெள்ளையாக இருந்தது. நல்ல வெள்ளை. நான் போட்ட சத்தத்தில் மதினி சுவரைத் தாண்டி வந்துவிட்டாள்.

“என்னாச்சு?”

“வெள்ளையாத் தெரியுது மதினி!”

“பாத்தியா? ஒரே வேளை. ஒரே வேளையில கேட்டிருச்சு. எங்க மாமனார் கை வச்ச தோப்புல்லா!”

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன். வாசலில் வந்த வடைக்காரரிடம் ஒரு பருப்பு வடை வாங்கி, அடுப்படியில் நின்றே தின்றேன். ஒன்றே ஒன்று.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்தேன். மஞ்சள்.

நான் சொன்னதும் மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “என்ன தின்ன?”

“ஒண்ணும் திங்கல மதினி.”

“பிள்ளையத் தொட்டுச் சொல்லு.”

“…ஒரு வடை.”

“ஒரு வடை! அங்கன வாய்க்கால்ல முட்டளவு சகதியில நின்னு பறிச்சிட்டு வாரேன், இவ இங்கன வடை திங்கா. இனிமே முதல்லருந்து மூணு நாள். என்ன முழிக்க? குடி.”

குடித்தேன். வடையால் பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கிவிட்டோம் என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே குற்ற உணர்ச்சி. சாயங்காலம் கணினியைத் திறக்கவே பயமாக இருந்தது, திறக்கவில்லை. பிள்ளைக்கு அழுது அழுது தொண்டை கம்மிப்போய்விட்டது. ‘நிறுத்தியது சரிதானா’ என்று ஒரு மனசும், ‘கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்’ என்று இன்னொரு மனசும். வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது தம்ளரைக் குடித்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரம்மாவிடம் போய்விட்டேன். மதினியிடம் பூ வாங்கப் போவதாகச் சொன்னேன்.

டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா? வாந்தி, காய்ச்சல்?”

“இல்ல டாக்டர்.”

“பிறகு எத வச்சுக் காமாலைன்னு வந்த?”

“எல்லாம் மஞ்சளாத் தெரியுது டாக்டர். கம்ப்யூட்டர், செல்போன்…”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “என் கோட்டு என்ன கலர்ல தெரியுது?”

அப்போதுதான் பார்த்தேன். அன்று காலையில்தான் தேய்த்துப் போட்டிருப்பார் போல, நீலம் போட்டு வெளுத்த கோட்டு.

“வெள்ளை டாக்டர்.”

“சுவரு?”

“வெள்ளை.”

“அப்ப உன் கண்ணுக்கு என்ன கேடு? இங்க பாரும்மா, காமாலை வந்தா பாக்கவங்களுக்குத்தான் நீ மஞ்சளாத் தெரிவ. உனக்கு ஊர் மஞ்சளாத் தெரியாது. இது எல்லாரும் சொல்லிச் சொல்லி வந்த கதை. எதுக்கும் மனசு ஆறட்டும், ரத்தம் குடுத்துட்டுப் போ.”

பால் நிறுத்தியதைச் சொன்னேன். அதுவரை சிரித்த முகமாக இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரைக் கேட்டு நிறுத்துன? அப்படியே காமாலையா இருந்தாலும், நிறுத்தணுமா வேண்டாமான்னு நாங்க பாத்துச் சொல்லணும். நீயா முடிவு பண்ணுவியா?”

இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாளை அவர் என்னிடம் நீட்டி, “போ, முதல்ல பிள்ளையக் கவனி” என்றார். வெளியே வராண்டாவின் மூலையில் ஒரு பெஞ்சு இருந்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாளில் மறந்திருப்பாளோ, கோபத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாளோ என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை. அவள் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. அந்த வலி போல ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், “என்னத்துக்கு அழுத, ரிப்போர்ட்டுல எதுவும் மோசமா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

பூ வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். பிள்ளை வயிறு நிறைந்து தோளிலேயே தூங்கியிருந்தாள். கணினியைத் திறந்தேன். மஞ்சளாகவே இருந்தது. ஆனால் இந்த முறை எனக்குப் பயம் வரவில்லை. கண் சரி என்று தாள் கையில் இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது நீதான் என்று திரையைப் பார்த்தேன்.

மூலையில் இருந்த கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி. திங்கட்கிழமையிலிருந்தே கணினிக் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கணினி, அதன் கடிகாரம் தப்பாக ஓடுவது புதிதில்லை என்று நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் சின்னதாக ‘முற்பகல்’ என்று இருந்தது. பகல் பன்னிரண்டரை இல்லை, ராத்திரி பன்னிரண்டரை. மேம்படுத்தியபோது எப்படியோ கணினியின் நேரம் அமெரிக்கப் பக்கத்து ஊர் ஒன்றின் நேரமாக மாறியிருந்தது. நமக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதனால்தான் வெறும் அரை மணி நேரம் பிந்தியதுபோல் என்னை ஏமாற்றியிருக்கிறது.

பிறகு தேட அதிக நேரம் ஆகவில்லை. ராத்திரி வேளையில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று அதில் இருக்கிறது, புதிய பதிப்போடு அதுவும் ஓட ஆரம்பித்திருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தானாக வந்து, காலை ஏழு மணிக்குத் தானாகப் போய்விடும். எங்கள் ஊரில் காலை ஒன்பதரை ஆனால் என் கணினிக்கு ராத்திரி ஒன்பது. எங்களுக்குச் சாயங்காலம் ஏழரை ஆனால் அதற்குப் பொழுது விடிகிறது. டிரைவரைச் சரியாக ஏற்றும்வரை அந்த வசதி வேலை செய்யாதாம், அதனால்தான் திங்கட்கிழமை மஞ்சள் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வெள்ளை வந்தது கீழாநெல்லியால் இல்லை. வியாழக்கிழமை மஞ்சள் திரும்பியது வடையால் இல்லை. அந்த மஞ்சள் திரையில் மட்டும்தான் விழும், எடுக்கும் படத்தில் விழாதாம். அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் என் கணவருக்கு வெள்ளையாகத் தெரிந்தது. கைபேசி? அதில் இதே வசதியை, பிள்ளை பிறந்த புதிதில், வெளிச்சத்தில் அவள் முழிக்கிறாள் என்று அவரே போட்டுக் கொடுத்திருந்தார். அது இத்தனை மாதமாக அப்படியே இருந்திருக்கிறது. எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு பொத்தான். அழுத்தினேன். நீலம் போட்டு வெளுத்த அந்தக் கோட்டு மாதிரி பக்கம் வெளுத்தது. நேரத்தையும் இந்தியாவுக்கு மாற்றினேன். போனில் சொன்னபோது என் கணவர் சிரித்துச் சிரித்து இருமினார். “நாலு நாளா அமெரிக்காவுல இருந்திருக்க, ஒரு சாக்லேட்டாவது வாங்கிட்டு வந்தியா?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு வினாத்தாள் முடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அன்று மதினி வந்து, “இப்ப எப்படித் தெரியுது?” என்று கேட்டாள். “எல்லாம் வெள்ளையாத் தெரியுது மதினி” என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்காகச் சகதியில் நின்று பறித்து மூன்று நாள் அரைத்துக் கொடுத்தவள், பிள்ளை அழும்போதெல்லாம் சுவரைத் தாண்டி ஓடி வந்தவள். அந்த முகத்திடம், ‘நீங்கள் கொடுத்தது ஒன்றும் செய்யவில்லை, ஒரு பொத்தான்தான்’ என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

நாளைக்கு என்பது தாண்டிப் போய்விட்டது. என்னைக் குணமாக்கிய கதையை மதினி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வடை தின்றதும் கதையில் இருக்கிறது, அந்த இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது போகட்டும். போன வாரம் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு மதினியைத் தேடி வந்தாள். அவர் கண் நிஜமாகவே மஞ்சளாக இருந்தது. வாசலில் அவளை நிறுத்தி, “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுங்க, இன்னைக்கே போங்க” என்று சொல்லி, டாக்டரம்மாவின் இடத்தையும் சொன்னேன். நல்லவேளை, அவர்கள் போனார்கள். அவர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார், தேறி வருகிறார் என்று கேள்விப்பட்டேன்.

மதினி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “உனக்கு மட்டும் கேட்ட மருந்து, ஊருக்குக் கேக்காதோ?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இனி எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்து வருபவர் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வரலாம். ஆனால் இவ்வளவு நாள் மறைத்துவிட்டு, தெருவே சிரித்து முடித்த பிறகு, அவள் முகம் சுருங்காமல் அதை எப்படிச் சொல்வது? கணினியைத் திறந்து வைத்து, அந்தப் பொத்தானை அவள் விரலாலேயே அழுத்தச் சொல்லிக் காட்டலாமா? இல்லை, என் கணவர் வரும்வரை பொறுத்து, அவர் வாயால் சொல்லவைப்பதா? அவளைத் தலைகுனிய வைத்ததாக ஆகிவிடுமா? உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அன்பாகச் செய்த ஒன்றைத் தப்பென்று அவரிடம் நீங்கள் சொல்லியும் இருப்பீர்கள். எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மதினியும் நானும் சேர்ந்துதான் பூ வாங்கப் போகிறோம். அதற்குள் எழுதினால் நல்லது.